வீட்டில் காய்ச்சிய பீர்

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறவள். காரைக்குடியில் செக்காலைப் பக்கம் எங்கள் வீடு. சில வருடங்களுக்கு முன்பு வரை அந்த வீட்டின் மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பீர் காய்ச்சிக்கொண்டிருந்தோம்.

காய்ச்சுவது என்ற சொல்லை அப்போது கவனமாகத் தவிர்த்தோம். பாலைக் காய்ச்சலாம், கஞ்சியைக் காய்ச்சலாம். குடிக்கிற சரக்கோடு அந்தச் சொல் சேர்ந்துவிட்டால் முள்ளுக்காடும் ஊறல் பானையும் போலீஸும்தான் கண்முன் வரும். அதனால் 'ப்ரூ பண்றோம்' என்று சொல்லிக்கொண்டோம். சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். உரிமம் இல்லாமல் வீட்டில் ஒரு தம்ளர் பீர் செய்தாலும் இங்கே அது குற்றம். எனக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும்.

ஆரம்பித்து வைத்தவர் கீழச்சிவல்பட்டிக்காரர் ஒருவர். பெங்களூரில், தாங்களே பீர் தயாரித்து மேசைக்குக் கொண்டுவரும் ஓர் உணவகத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததால் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டார். என் கணவருடையது தச்சு வேலைக் குடும்பம். அவர் மரத்தை விட்டுவிட்டு ஓட்டல்களுக்கும் கல்யாண சமையல்காரர்களுக்கும் எவர்சில்வர் அண்டா, அடுப்பு மேடை செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். அந்தப் பட்டறைக்கு, அடியில் குழாயும் உள்ளே சல்லடைத் தட்டும் வைத்த ஒரு பாத்திரம் வேண்டும் என்று பெங்களூர்க்காரர் வந்தார். எதற்கு என்று கணவர் கேட்டார். அவர் சொன்னார். அன்று சாயங்காலம் கணவர் என்னிடம் வந்து, "உன் பாடந்தான், வந்து பாரு" என்றார்.

நிஜமாகவே என் பாடம்தான். தானியத்தை முளைகட்டி, காயவைத்து, உடைத்து, சரியான சூட்டில் வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்த இனிப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டு, ஆறவைத்து, ஈஸ்ட்டைத் தூவினால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். கரும்பலகையில் பதினெட்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்த சமன்பாடு, மாடி அறையில் பழைய ஃபிரிட்ஜுக்குள் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபடி நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள் திருத்தியிருக்கிறேன்.

நான்காவது ஆள் என் கணவரோடு படித்தவர். நாச்சியாபுரம் பக்கம் விவசாயம். சத்தமாகச் சிரிப்பார், எதையும் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். பார்லி வெளியூரிலிருந்து பார்சலில் வருவதைப் பார்த்துவிட்டு, "எங்காட்டுக் கேப்பை என்ன குத்தம் செஞ்சுச்சு?" என்று கேட்டு ஒரு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். கேழ்வரகும் கருப்பட்டியும் சேர்த்து ஒரு கறுப்பு பீர் செய்தோம். எனக்குப் பிடித்தது அதுதான்.

எங்களைப் போல மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் என்று அங்கங்கே இருந்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. வெளியாட்கள் பார்த்தால் சந்தேகப்படக்கூடாது என்று அதற்கு 'மாவு' என்று பெயர் வைத்திருந்தார்கள். யாருடைய ஈஸ்ட் செத்தது, யார் வீட்டில் பாட்டில் வெடித்தது, வெளிமாநிலப் போட்டியில் யாருக்கு இரண்டாம் பரிசு என்று காலையிலேயே செய்திகள் வந்து விழும். யாரும் யாருக்கும் விற்பதில்லை. அது பெங்களூர்க்காரர் எங்களுக்குச் சொன்ன முதல் விதியும்கூட.

ஒரு புதன்கிழமை டிவியில் அந்தச் செய்தி வந்தது. வடக்கே ஒரு மாவட்டத்தில் விஷச் சாராயம் குடித்து ஆட்கள் செத்துப்போயிருந்தார்கள். முதலில் சிலர் என்றார்கள். மறுநாள் இன்னும் கூடியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் கிடந்தவர்களில் ஒருவர் கையைக் கண்முன் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை போய்விட்டது என்று பின்னால் ஒரு குரல் சொன்னது. மெத்தனால் கலந்திருக்கிறது என்றார்கள். நான் பாடம் நடத்தும்போது மெத்தனால் குடித்தால் பார்வை போகும் என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவேன். அந்த ஒரு வரி அன்று டிவியில் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

மாநிலம் முழுக்கச் சோதனை ஆரம்பித்தது. வியாழக்கிழமை இடைவேளையில் போனைப் பார்த்தேன். 'மாவு' குழுவில் ஒருவர், "வீட்ல எதுவும் வைக்காதீங்க, பக்கத்துத் தெருவுக்கு வந்துட்டாங்க" என்று போட்டிருந்தார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. அதற்குக் கீழே வரிசையாக, இன்னார் வெளியேறினார், இன்னார் வெளியேறினார் என்று வந்துகொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழெட்டுப் பேர் போனார்கள். முகம் தெரியாத மனிதர்கள்தான். இருந்தாலும் கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து ஓடுவதைப் பார்ப்பது போல இருந்தது. நானும் வெளியேறினேன். பிறகுதான், வெளியேறியவள் என்று என் பெயரும் அங்கே பதிவாகியிருக்கும் என்று தோன்றியது.

சனிக்கிழமை இரண்டு போலீஸ்காரர்கள் செக்காலை ரோட்டில் உள்ள பட்டறைகளுக்கெல்லாம் போனார்கள். சாராயம் வடிக்கிற சுருள் குழாய், மூடி போட்ட பெரிய டிரம் யாராவது செய்யச் சொன்னார்களா என்று விசாரித்தார்கள். இல்லை என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். அவர்கள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "மொத்தத்தையும் கொட்டிருவோம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு பேரும் மாடியில் கூடினோம். கேழ்வரகு பீர் அந்த வாரம்தான் பாட்டிலில் அடைத்துத் தயாராகியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து குளியலறையில் ஊற்றினோம். நுரை கீழே சாக்கடை வரை போயிருக்கிறது. எதிர் வீட்டு அம்மா வாசலில் நின்று அண்ணாந்து, "என்ன டீச்சர், புளிச்ச மாவையா கொட்டுறீக?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பாதி ஊற்றியிருப்போம். விவசாயி கையில் இருந்த பாட்டிலை ஊற்றாமல் நின்றார்.

"டீச்சர், கொட்டுறது கொட்டுறீக. ஒரு வாய் பாத்துட்டுக் கொட்டுவோம். நான் வெதச்ச கேப்பை."

பெங்களூர்க்காரர் வேண்டாம் என்றார். ஆனால் பாட்டில் கைக்கு வந்ததும் அவரும் குடித்தார். நாங்கள் மூவரும் ஆளுக்கு ஒன்று. விவசாயி மூன்று குடித்தார். ஒன்றை இடுப்பில் சொருகிக்கொண்டதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் அறை காலியாகிவிட்டது. பினாயில் போட்டுக் கழுவினேன். பயம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை இரண்டாவது பாடவேளையில் போன் அதிர்ந்தது. விவசாயியின் மனைவி. வகுப்புக்கு வெளியே வந்து எடுத்தேன்.

"அக்கா, அவுகளுக்குக் கண்ணு தெரியலையாம். எந்திரிச்சதுலருந்து இருட்டா இருக்குன்றாக. பக்கத்து வீட்டுக் கார்ல காரைக்குடிக்குத்தான் கூட்டிட்டு வாரேன். உங்களுக்குத்தான் முதல்ல போன் போடச் சொன்னாக. ஏங்க்கா உங்களுக்கு?"

அவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதமும் பட்டறையில் கூடமாட வேலை செய்ய வருவதாகச் சொல்லித்தான் அவர் வந்திருக்கிறார்.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். தானியத்தைப் புளிக்கவைத்தால் ஆளைக் குருடாக்கும் அளவுக்கு மெத்தனால் வராது என்று எனக்குத் தெரியும். அதை அந்த நிமிடம் யார் கேட்டிருந்தாலும் விளக்கியிருப்பேன். இருந்தும் போனில் கணவரைக் கூப்பிட்டேன்.

"பாட்டிலெல்லாம் எதுல கழுவுனீங்க?"

"வழக்கமாக் கழுவுறதுலதான்."

"யோசிச்சுச் சொல்லுங்க. கடைசியாத் துடைக்க என்ன ஊத்துனீங்க?"

"வீட்ல இருந்த ஸ்பிரிட் தீந்துருச்சு. பக்கத்துப் பட்டறையில கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஏன்?"

பக்கத்துப் பட்டறையில் மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறார்கள். குடிக்க முடியாதபடி மெத்தனால் கலந்து விற்கிற ஸ்பிரிட் அது. கழுவிய பாட்டில்களுக்குள் அதை ஊற்றி, குலுக்கிக் கவிழ்த்திருக்கிறார். உலர்ந்திருக்கும். உலராமல் தங்கியிருந்தாலும் சில சொட்டுக்கு மேல் இருக்காது. அந்தச் சில சொட்டை நான் எத்தனை முறை கூட்டிப் பெருக்கினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு பாட்டிலில் மட்டும் நிறைய நின்றிருந்தால்? அதுதான் அவர் கைக்குப் போயிருந்தால்?

பெங்களூர்க்காரரைக் கூப்பிட்டேன். போன் அணைக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட்டேன். அணைக்கப்பட்டிருந்தது.

தலைமையாசிரியையிடம் உறவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். வழியில் இடது கண்ணை மூடிக்கொண்டு கடைப் பலகைகளைப் படித்தேன். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு படித்தேன். ஜவுளிக்கடை, மருந்துக்கடை, பலகாரக்கடை. வெயிலில் ஒரு பலகை வெளுத்துத் தெரிந்தது. அது பலகை வெளுத்ததா, என் கண்ணா? நானும் ஒரு பாட்டில் குடித்தவள். கணவரும் குடித்திருக்கிறார். எங்கள் மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யார் சொல்வார்கள், என்ன சொல்வார்கள் என்று ஓடியது.

ஆஸ்பத்திரி வாசலில் கணவர் எனக்கு முன்பே வந்து நின்றார். முகம் காய்ந்துபோயிருந்தது. "நான்தான் ஊத்தினேன். நான்தான்" என்று இரண்டு முறை சொன்னார். நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன். நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

விவசாயியைக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். மருத்துவர் இன்னும் வரவில்லை. மனைவி பதிவுச் சீட்டுக்காகக் கவுண்டருக்குப் போயிருந்தாள். என் குரலைக் கேட்டதும் அவர் கையை நீட்டித் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டீச்சர், ஒண்ணும் சொல்லிராதீக. போலீஸ்னு ஆச்சுன்னா உங்க வேலை போயிரும். இவன் பட்டறையைப் பூட்டிருவாக. கண்ணுதானே, வந்தா வரட்டும்."

என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் அழுததை அதற்கு முன்பு நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், மாமனார் இறந்தபோது.

அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்குள் ஓடியதை மறைக்க விரும்பவில்லை. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அவரே வேண்டாம் என்கிறார். மருத்துவர் தானாகக் கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும். வேலை, பெயர், பிள்ளைகள் முன்னால் நிற்கிற முகம், எல்லாம் தப்பிக்கும். இப்படி ஒரு நிமிடமோ ஐந்து நிமிடமோ நினைத்தேன். ஆனால் மெத்தனாலுக்கு முறிவு மருந்து உண்டு என்பதும், தாமதிக்கத் தாமதிக்க அது பயனில்லாமல் போகும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவளாக இருந்திருந்தால் ஒருவேளை வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

மருத்துவர் முப்பது வயது இருக்கக்கூடிய ஒரு பெண். உள்ளே வந்து எப்போதிலிருந்து என்று கேட்டு எழுத ஆரம்பித்தார். விவசாயியின் மனைவியும் சீட்டோடு திரும்பி வந்துவிட்டாள்.

"டாக்டர்," என்றேன். "இவர் நேத்துக் காலையில வீட்டில செஞ்ச பீர் குடிச்சார். மூணு பாட்டில். செஞ்சது நாங்கதான். பாட்டிலைப் பாலிஷ் ஸ்பிரிட் வச்சுக் கழுவியிருக்கோம். அதில மெத்தனால் இருக்கும்."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். விவசாயி கண்களை மூடிக்கொண்டார். அவர் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் கைப்பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்தாள்.

"இதுவா? கட்டிலுக்கடியில கெடந்துச்சு. பூச்சி மருந்தோன்னு நெனச்சு டாக்டர்ட்டக் காட்டத்தான் எடுத்துட்டு வந்தேன்."

அவர் இடுப்பில் சொருகிக்கொண்டு போன பாட்டில். மூடியைத் திறக்கவே இல்லை.

மருத்துவர் மளமளவென்று கேட்டார். வாந்தி இருந்ததா, வயிற்று வலி, மூச்சு வாங்குகிறதா, வேறு யார் குடித்தது, அவர்கள் எப்படி இருக்கிறார்கள். பிறகு விவசாயியிடம் குனிந்து, "ரெண்டு கண்ணும் தெரியலையா?" என்று கேட்டார்.

"வலது கண்ணுதாங்க. கறுப்பா நூல் நூலா எறங்குச்சு. அப்புறம் திரை போட்ட மாதிரி ஆயிருச்சு. இடது கண்ணு தேவலை, அதுவும் கொஞ்ச நாளாவே மங்கல்தான்."

இதை நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவே இல்லை.

மருத்துவர் எங்களை வெளியே உட்காரச் சொன்னார். "ரத்தத்தில அமிலம் ஏறியிருக்கான்னு பாக்கணும். ஏறியிருந்தா விஷக் கேஸ். நான் போலீஸுக்குச் சொல்லியே ஆகணும். அது வரைக்கும் எங்கயும் போகாதீங்க."

கோபம் இல்லாமல்தான் சொன்னார். அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கி என்னிடம் தந்து, "தேவைப்பட்டா கேட்பேன், வச்சிருங்க" என்றார். பள்ளிக்கூடப் பைக்குள், விடைத்தாள் கட்டுக்கு நடுவே அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கணவர் ஒரு பக்கம். விவசாயியின் மனைவி எங்களோடு உட்காராமல் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தாள். அரை மணி நேரம் போயிருக்கும். ஒரு போலீஸ்காரர் வராந்தாவில் நடந்து வந்தார். என் கணவரின் கை என் முழங்கையை இறுக்கியது. போலீஸ்காரர் நேராக வந்து எனக்கு எதிரே நின்றார்.

"டீச்சர்தானே? எம் பொண்ணு போன வருசம் உங்ககிட்டதான் படிச்சுச்சு. வேதியியல்ல நல்ல மார்க்கு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். பைக்குள் அந்தப் பாட்டில் எதிலோ இடித்து ஒலித்தது.

"ஒக்காருங்க, ஒக்காருங்க. யாருக்கு முடியல?"

"இவரோட சிநேகிதருக்கு. கண்ணில கோளாறு."

"அடடா. நான் ஆக்சிடெண்ட் கேஸு ஒண்ணுக்கு வந்தேன். நாலஞ்சு நாளா சாராய ரெய்டு, இங்குட்டும் அங்குட்டும் ஓட்டந்தான்." தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணு இப்ப நர்சிங் சேந்துருக்கு டீச்சர். உங்களைப் பாத்தேன்னு சொல்றேன்."

அவர் போன பிறகும் என்னால் உட்கார முடியவில்லை. அந்த மனிதர் அவ்வளவு அன்பாகப் பேசியதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதே முகம் எப்படி மாறும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மருத்துவர் வெளியே வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. எங்களைத் தாண்டிப் போய் விவசாயியின் மனைவியிடம்தான் முதலில் பேசினார். ரத்தத்தில் அமிலம் ஏறவில்லை. ஆனால் சர்க்கரை பயப்படுகிற அளவுக்கு இருக்கிறது. பல வருடமாக இருந்திருக்க வேண்டும், யாரும் பார்க்கவில்லை. சர்க்கரையால் பழுதான ரத்தக்குழாய் கண்ணுக்குள் கசிந்திருக்கிறது. இன்றே மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"அப்ப இவுக குடுத்ததால இல்லையா?" என்று அவள் கேட்டாள். இவுக என்றபோது என் பக்கம் பார்க்கவில்லை.

"அதனால இல்ல" என்றார் மருத்துவர். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "மது குடிச்சிருந்தார்னு எழுதியிருக்கேன். எங்க வாங்கினார்னு எழுதற இடம் அதுல இல்ல. ஆனா டீச்சர், பாலிஷ் ஸ்பிரிட்டு. அதை நெனச்சுப் பாருங்க."

நான் தலையாட்டினேன். அதைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நடக்கவில்லை என்பது வேறு, நடந்திருக்க முடியாது என்பது வேறு. நான் பதினெட்டு வருடம் அளவு பார்த்து ஊற்றச் சொல்லிக்கொடுத்தவள். என் வீட்டில் என்ன ஊற்றினார்கள் என்று பார்க்கவில்லை.

அன்று மாலைக்குள் மதுரை போய்ச் சேர்ந்தோம். லேசர் வைத்தார்கள், கண்ணில் ஊசி போட்டார்கள். பல மாதம் போய் வந்தோம். வலது கண்ணில் பாதிப் பார்வை திரும்பியது. எழுத்துப் படிக்க முடியாது, ஆள் தெரியும். இடது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். அவர் குடியை விட்டார், சோற்றைக் குறைத்தார். மெலிந்து வேறு ஆளாக இருந்தார். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

பெங்களூர்க்காரர் ஐந்தாம் நாள் பட்டறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். விவசாயிக்குக் கண் தெரியவில்லை என்று என் கணவர் அனுப்பிய செய்தியைப் பார்த்ததும் போனை அணைத்துவிட்டு, அம்மாவை அக்காள் வீட்டில் விட்டுவிட்டுத் திருச்சியில் ஒரு லாட்ஜில் இருந்திருக்கிறார்.

"பயந்துட்டேங்க்கா" என்றார்.

"நாங்களுந்தான்" என்றேன். என் கணவர் அவருக்கு டீ வாங்கிக்கொடுத்தார். சில மாதம் கழித்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு பழைய வேலைக்கே பெங்களூர் போய்விட்டார். 'மாவு' குழு வேறு பெயரில் மறுபடி ஆரம்பித்திருப்பதாகவும் எங்களைச் சேர்க்கட்டுமா என்றும் ஒரு முறை கேட்டு அனுப்பினார். வேண்டாம் என்று பதில் போட்டேன்.

விவசாயியின் மனைவி என்னோடு நெடுநாள் பேசவில்லை. மதுரைக்குப் போகும் நாட்களில் காரில் முன்சீட்டில் ஏறிக்கொள்வாள். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, திரும்பி வரும் வழியில், முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"போலீஸுக்குப் பயந்து சொல்லாம இருந்துரலாம்னு நெனச்சீகளா?"

விவசாயி எனக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். பொய் சொல்லியிருக்கலாம்.

"நெனச்சேன்" என்றேன்.

திருப்பத்தூர் தாண்டியபோது, அன்றைக்குக் கொடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள்.

"இதுல எது சர்க்கரைன்னு காட்டுங்க. எனக்கும் தெரியணும்."

நான் முன்னால் சாய்ந்து, அந்த வரியின் மீது விரலை வைத்தேன்.